சரிசெய்த விவரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று உறையில் அனுப்புகிறேன். ஒன்று உன் வீட்டுக்கு, உன் பெயருக்கு. அதைப் பிரிக்காமலே எங்கேயாவது வைத்துவிடுவாய். இரண்டாவது நீ வேலை பார்க்கும் கிடங்குக்கு. அதைப் பிரித்து, பாதி படித்து, மேலே டீ டம்ளரை வைப்பாய். மூன்றாவது அண்ணியின் பெயருக்கு. உருப்படியாகப் போய்ச் சேரப்போவது அதுதான். ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளுக்கு மூன்று பிரதி ஒரு பெரிய வேலை இல்லை. போனில் அனுப்பியிருக்கலாமே என்பாய். போனில் வந்தால் இரண்டு வரி பார்த்துவிட்டு மீதியை அப்புறம் படிக்கலாம் என்று விடுவாய். உன் 'அப்புறம்' எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை ஏழு தடவை படித்தேன். உன் மகனை வரும் முதல் தேதி விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறாய். கண்டிப்புக்குப் பேர் போன இடம், வருஷத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு விடுவார்கள் என்று என்னவோ பரிசு கிடைத்த மாதிரி எழுதியிருக்கிறாய். பதினொரு வயசாகியும் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பள்ளியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள், பெல்ட்டை எடுத்தும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு வரி: "அப்பா என்னை அடிச்சாரு, நான் திருந்தலையா?"

நீ திருந்தினாய் என்று உனக்கு யார் சொன்னது? இது உனக்கு ஒன்பதாவது வேலை. வண்டிச் சாவியை இந்த வருஷம் மட்டும் நான்கு தடவை தொலைத்ததாக அண்ணி சொன்னாள். நம் அம்மா செத்தபோது தப்பான தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் உட்கார்ந்து அழுதவன் நீ. அடி உன்னைத் திருத்தவில்லை அண்ணா. பதினேழு வயசில் உன்னை வீட்டை விட்டு ஓட வைத்தது, அவ்வளவுதான். அதையேதான் இப்போது காசு கட்டி உன் மகனுக்கு வாங்கித் தரப் பார்க்கிறாய்.

ஆகவே முதல் தேதிக்கு முன் இதைப் படித்து முடி. படிக்காமல் அவனை அங்கே கொண்டுபோய் விட்டால், நான் அப்பாவுக்குச் செய்துகொண்டிருப்பதை உனக்கும் செய்வேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் என் மகளைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

குட்டிக்கு ஒன்பது வயசு ஆகிறது. உன் மகன் மாதிரி மேஜையிலிருந்து குதிக்கிற பிள்ளை இல்லை. சத்தமே வராது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அரை மணி நேரம் பருக்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். செருப்பு மாட்டு என்றால் ஒரு காலில் மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பைக் கையில் வைத்து யோசிப்பாள். நான் அவளைச் சோம்பேறி என்றேன், அழுத்தக்காரி என்றேன், இரண்டு தடவை முதுகில் வைத்தேன். அந்தச் சொல்லெல்லாம் அப்பாவிடமிருந்து நமக்கு வந்த சீர்வரிசை. எனக்கு வந்த பங்கைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

கண்டுபிடித்தது அவளுடைய வகுப்பு ஆசிரியை. சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. என்னைக் கூப்பிட்டபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் குட்டியின் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் மூன்று கணக்கு சரி, பாக்கி ஏழு காலி. "தெரியாத புள்ளைன்னா மூணும் தப்பா இருக்கும்ல? வாயால கேட்டா பத்துக்கும் பதில் சொல்றா. ஒரு மாசமா பாக்குறேன், இது சோம்பேறித்தனம் இல்லக்கா. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனோம். நீ நினைக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து ஒரு பெயரை ஒட்டி அனுப்பவில்லை. முதலில் காதும் கண்ணும் சரியா என்று சோதிக்கச் சொன்னார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று எங்களைத் தனித்தனியாக விசாரித்தார். பிறகு எனக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியைக்கு ஒரு கேள்வித்தாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது. வீட்டில் மட்டும் இருந்தால் கணக்கில்லை, பள்ளியில் மட்டும் இருந்தாலும் கணக்கில்லை, இரண்டு இடத்திலும் ஆறு மாசத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். நான்காவது தடவை போனபோதுதான் சொன்னார், இது கவனக் குறைபாடு என்று. துறுதுறுவென்று அலைகிற பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள், குட்டி மாதிரி சத்தமில்லாமல் மிதக்கிற பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், தப்பிவிடுகிறார்கள் என்றார். வளர்ப்பில் வந்த கோளாறு இல்லையாம். பிள்ளையின் திமிரும் இல்லையாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் யோசிக்காமல் இல்லை என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் நான் எடுத்து வைத்திருந்த அந்தக் கேள்வித்தாளின் பிரதியை மறுபடி எடுத்தேன். பொருள்களைத் தொலைக்கிறாரா? நேரே பேசினாலும் காதில் விழாதது போல் இருக்கிறாரா? தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறாரா? இதையெல்லாம் எங்கேயோ வரிசையாகப் படித்த மாதிரி இருந்தது. இரண்டு பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது, படிக்கவில்லை, எழுதியிருக்கிறேன் என்று.

நீ மறந்திருக்க மாட்டாய். எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாய். அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிப்போவில் ஒரு குறைப் பதிவேடு உண்டு. வண்டி உள்ளே வந்ததும் ஓட்டுநர் அதில் என்ன குறை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிரேக் பிடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்று. பக்கத்துக் கட்டத்தின் தலைப்பு 'சரிசெய்த விவரம்'. அது மெக்கானிக் எழுதுவதற்கு. அப்படி ஒரு புதுப் பதிவேட்டைத்தான் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்கென்று வைத்தார். உனக்கு அப்போது எட்டு வயசு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷிப்ட் முடிகிற நேரத்தில், உன் குறைகளை எழுதி உன்னிடம் கையெழுத்து வாங்குவார். ஒன்பது வருஷம்.

பரணிலிருந்து அதை இறக்கினேன். 'பால் வாங்க அனுப்பினேன். பாலம் வரை போய் ரயில் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.' 'பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.' 'பள்ளிப் பையைப் பேருந்தில் விட்டான். இரவு உணவு இல்லை.' எட்டு வயசுக் கையெழுத்து கோணல் மாணலாகத் தொடங்கி, பக்கம் போகப் போக நேராகி, கடைசியில் வெறும் கோடாக ஆகியிருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாப் பக்கத்திலும் 'சரிசெய்த விவரம்' கட்டம் காலி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மாலை ஷிப்டில் இருந்த நாட்களில் எழுதியது நான். உருண்டை உருண்டையான என் கையெழுத்து. நூற்றுப் பதினேழு இடத்தில் இருக்கிறது, எண்ணிவிட்டேன். உன்னைப் போட்டுக் கொடுத்ததற்குக் கூலியாக ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்கார வைப்பார். அந்தச் சீட்டுக்காக நான் சிலதை மிகைப்படுத்தியும் எழுதினேன். அதற்காக நீ என்னைத் திட்டு, வந்து அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன் மகன் மேல் அதைத் தீர்க்காதே.

பதிவேட்டோடு சேர்ந்து அந்தத் தகரப் பலகையும் பரணில் இருந்தது. ஓடாத பஸ்ஸின் முன்னால் மாட்டுவார்களே, 'பழுது' என்று சிவப்பில் எழுதியது. ஐந்தாம் வகுப்பில் நீ தவறியபோது அதைக் கழுத்தில் மாட்டித் தெருவாசலில் உன்னை நிற்க வைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய் வந்து உன் காலை மோந்தது. நீ அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாய், அதற்கும் தனியாக அடி விழுந்தது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அழுதுவிட்டு மறுபடி மேலே ஏற்றியிருப்பேன். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார், வயசான மனுஷன் விடு என்று. ஆனால் மறுநாள் குட்டியின் பைக்குள் ஒரு புது நோட்டு இருந்தது. கோடு போட்டு, கட்டம் பிரித்து, அப்பாவின் கையெழுத்தில். 'தண்ணீர் பாட்டில் தொலைத்தாள்.' 'கூப்பிட்டால் திரும்புவதில்லை.' ஆறு குறைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் மகள் கையெழுத்துப் போட்டு, புள்ளிக்குப் பதிலாக ஒரு பூ வரைந்திருந்தாள்.

அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இன்னும் எரிகிறது. அணைய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

முதலில் அந்தப் புது நோட்டை அப்பாவின் கண்ணெதிரே கிழித்தேன். பிறகு உன் பதிவேட்டில் இருபது பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆட வருவாரே, கிரீஸ் மாமா, டிப்போவின் பழைய தலைமை மெக்கானிக், அவர் கையில் கொடுத்தேன். தன் ஒரே சிநேகிதர் முன்னால் அப்பா அவமானப்பட வேண்டும் என்றுதான் கொடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு அப்பாவிடம், "ஏம்ப்பா, ஒரு வண்டிக்கு ஒன்பது வருஷம் இதே கம்ப்ளெய்ன்ட எழுதி, ஒருத்தனும் அடியில படுத்துப் பாக்காம விட்டிருந்தா, என்னை வேலைய விட்டே தூக்கியிருப்பாங்க. நீதானப்பா முதல்ல ரிப்போர்ட் எழுதியிருப்ப" என்றார். காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் போனவர்தான். மூன்று மாசமாக வரவில்லை.

மாமா சொன்னதிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவின் முன்னால் உன் பதிவேட்டை விரித்து வைத்துப் பேனாவைக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காலிக் கட்டத்தை நிரப்பினால்தான் டீ. முதல் நாள், பள்ளிப் பையைத் தொலைத்ததற்கு நேரே 'கண்டித்து அனுப்பப்பட்டது' என்று எழுதினார். நான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். டிப்போவில் பஸ்ஸைக் கண்டித்து அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்டேன். டீ ஆறிப்போனது. பிறகு எழுதினார்: 'பார்க்கப்படவில்லை.' அதுதான் டிப்போ வழக்கம். மெக்கானிக் கை வைக்காத வண்டிக்கு அப்படித்தான் எழுதுவார்கள். அன்று முதல் ஒவ்வொரு வரிக்கும் அதேதான். பார்க்கப்படவில்லை. பார்க்கப்படவில்லை. எழுபத்தாறு வயசு, கை நடுங்குகிறது. நடுங்கட்டும். உன் எட்டு வயசுக் கையும் நடுங்கியதற்கு அந்தப் பதிவேடே சாட்சி. நேற்றோடு எண்பத்தெட்டாம் பக்கம். காய்ச்சல் வந்த இரண்டு நாளும் நான் விடவில்லை.

அந்தத் தகரப் பலகையை அவர் நாற்காலியின் முதுகில் மாட்டினேன். அவர் எடுக்கவில்லை, மூன்று நாள் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்தார். குட்டிதான், தாத்தாவுக்கு முதுகு குத்தும் என்று கழற்றினாள். நான் மறுபடி மாட்டினேன். அவள் மறுபடி கழற்றினாள். பலகை எங்கே என்று கேட்டால், எங்கே வைத்தேன் என்று மறந்துபோச்சு அம்மா என்கிறாள். இந்த ஒரு மறதியை மட்டும் நான் நம்பவில்லை.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. முதல் இரண்டு வாரம் தலைவலி, மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. மருத்துவர் அளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றினார். மாசாமாசம் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்கிறார். மாத்திரை மட்டும் போதாது, வீட்டுக்காரர்களும் மாற வேண்டும் என்று எங்களை ஆறு வாரம் வகுப்புக்கு வரச்சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓட்டம். சரியாகச் செய்ததை உடனே சொல்லிப் பாராட்ட வேண்டும். நம் வீட்டில் யாரும் யாரையும் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை, முதல் வாரம் நாக்கு புரளவே இல்லை. ஆசிரியை அவளை முன்வரிசைக்கு மாற்றினாள், பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கிறாள். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி தண்ணீர் பாட்டில் போய்விட்டது. ஆனால் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, முன்னாடியெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கும். இப்ப மிஸ் பேசுறது மட்டும் தனியா கேக்குதும்மா" என்றாள். நான் கடையில் காகிதம் எடுக்கப் போவது போல் உள்ளே போய் நின்றுகொண்டேன். அவளுக்காக மட்டும் அழவில்லை. உனக்கு அப்படி ஒரு குரல்கூடத் தனியாகக் கேட்டதில்லையே என்றும்தான்.

உன் பதிவேட்டை மருத்துவரிடம் காட்டினேன். பத்து நிமிஷம் புரட்டினார். ஆளைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்து எதுவும் சொல்லக்கூடாது என்றார். பிறகு மூடி வைத்துவிட்டு, "இந்தப் பையனை யாராவது அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருமாம். பெரியவர்களும் பார்த்துக்கொள்ளலாமாம். உன் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் ஜெராக்ஸ் கடைக்காரி. காட்டிவிட்டு முடிவு செய் என்கிறேன். வண்டியின் அடியில் யாராவது ஒருவர் படுத்துப் பார்க்கட்டும்.

முந்தாநாள் ஒன்று நடந்தது. உனக்கு அனுப்புவதற்காகப் பதிவேட்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அப்பா இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன நாள். 'வீட்டை விட்டுப் போனான்' என்று அவர் அன்று எழுதியதுதான் கடைசிக் குறை. நீ இல்லாததால் கையெழுத்துக் கட்டம் முப்பது வருஷமாக வெறுமையாக இருந்தது. இப்போது அதில் ஒரு கையெழுத்து இருக்கிறது. நடுங்கிய கையெழுத்து. உன் இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு, கீழே இந்த மாசத் தேதியையும் போட்டிருக்கிறார். எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதைப் பார்த்து மனசு இளகிவிட்டதா என்று கேட்காதே. அன்று சாயங்காலமும் ஆறு மணிக்கு எண்பத்தேழாம் பக்கத்தை விரித்து வைத்தேன். இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம் பாக்கி இருக்கிறது. டீயில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன். அதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடைசிப் பக்கத்தின் பிரதியை மூன்று உறையிலும் வைத்திருக்கிறேன். கூடவே பதிவேட்டில் எழுதாமல் இருந்த ஒரு தாளின் பிரதியும் இருக்கும், அசல் என்னிடம். அதன் தலைப்பில் உன் பெயரை எழுதிவிட்டேன். உன் மகனை நீ அந்த விடுதியில் விட்டால், முதல் குறையை நான் நிரப்புவேன். முப்பது வருஷம் கழித்து, உன் கை நடுங்குகிற வயசில், அவன் அதை உன் முன்னால் விரித்துப் பேனாவைக் கொடுப்பான். நான் உயிரோடு இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ டீ கேட்டாலும் தரமாட்டேன்.

என் மருமகனை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஓடிப்போய் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினானே, அந்தப் பிள்ளைதானே? அவனுக்கு அத்தையின் முத்தங்கள். அவன் நன்றாக இருக்க வேண்டும். நீயும் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா, இதை உன்னிடம் இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

முதல் தேதி காலை எட்டு மணிக்கு உன் வீட்டுக்குக் கூப்பிடுவேன். போனை அவன்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நூற்றுப் பதினேழு குறைகளை எழுதிய
உன் தங்கை